தோட்டத்துள் ஓர் ஆடுகளம்: ஒகஸ்டா கொல்ப் திடலை மதிப்பிடுதல்

கொழும்பிலிருந்து களனிவெளிப் பாதையிற் செல்லும் புகையிரதம் பொரளைக்கு அண்மையில் ஒரு கொல்ப் திடலை ஊடறுத்துச் செல்கின்றது. சாளரத்தினூடே பார்க்கும் பயணிக்குப் பச்சைப் புல்லும், ஆங்காங்கே சில மணற்பள்ளங்களும், தொலைவில் நடந்துசெல்லும் இரண்டொருவரும் தோன்றி மறைவர். இதில் என்ன கலை இருக்கிறது, புல்லை வெட்டிக் குழியைத் தோண்டினால் திடல் ஆகிவிடாதா என்று அவர் எண்ணுதல் இயல்பே. அவ்வாறு ஆகிவிடாது என்பதையும், ஒரு திடல் நன்கு அமைந்ததா அன்றா என்பதை எவ்வாறு அளந்தறிவது என்பதையும், உலகப் புகழ்பெற்ற ஒரு தனியார் திடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று ஆராய்வோம். அத்திடல் ஐக்கிய அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்டா நகரில் உள்ளது. ஒகஸ்டா தேசிய கொல்ப் கழகம் என்பது அதன் பெயர்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். கிறிக்கெட்டிலே ஆடுகளத்தின் நடுப்பாதைக்கு இத்தனை அடி நீளம் என்று விதி உண்டு. டெனிஸ் ஆட்டத்திற்கும் அத்தகைய விதி உண்டு. கொல்ப் திடலுக்கோ இத்தகைய நியமம் இல்லை. வழக்கமாகப் பதினெட்டுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்கத்திட்டிலிருந்து பந்தை அடித்துச் சென்று இயன்றவரை குறைந்த அடிகளில் அதனைக் குழியில் வீழ்த்துதல் வேண்டும். இவ்வளவே விதி. தொடக்கத்திட்டுக்கும் குழிக்கும் இடையே மேடு இருக்கலாம், ஓடை இருக்கலாம், மரம் இருக்கலாம். குழியைச் சூழ்ந்து கம்பளம்போல் ஒட்ட வெட்டப்பட்ட புற்பரப்பைக் 'கிறீன்' என்பர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை இத்தனை அடிகளில் முடித்தல் வேண்டும் எனக் குறிக்கப்படும் எண்ணைப் 'பார்' என்பர். தூரத்தை மூன்றடி கொண்ட யார் அளவினாற் கூறுவர்.

அளவுக்கும் வடிவத்துக்கும் விதி இல்லாமையினாலேயே கொல்ப் திடலை அமைத்தல் கட்டடக்கலையை ஒத்த ஒரு கலையாயிற்று. வீடு கட்டுபவர் கல்லையும் மரத்தையும் கொண்டு வேலை செய்கிறார். திடல் அமைப்பவரோ நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும், நீரோட்டத்தையும், காற்றையும், அவற்றினும் மேலாக ஆடுபவருடைய ஆசையையும் அச்சத்தையும் கொண்டு வேலை செய்கிறார்.

ஒகஸ்டாவின் வரலாறு ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. முன்னாளில் அவுரி விளைந்த அந்நிலத்தைப் பெல்ஜிய நாட்டிலிருந்து குடியேறிய பேர்க்மன்ஸ் குடும்பத்தார் 1857 ஆம் ஆண்டில் வாங்கி, பழமரங்களையும் பூஞ்செடிகளையும் நாற்றுவிட்டு விற்கும் ஒரு பெரும் பண்ணையாக்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பண்ணைத்தொழில் ஓய்ந்தது. ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தைப் பொபி ஜோன்ஸ் என்பவரும், நியூயோர்க் நகரத்து நிதித்துறையாளரான கிளிபர்ட் றொபேட்ஸ் என்பவரும் தம் நண்பர்களுடன் சேர்ந்து 1931 இல் கொல்ப் கழகத்திற்கென வாங்கினர். இன்றும் அங்கே ஒவ்வொரு குழிக்கும் ஒரு மரத்தின் அல்லது செடியின் பெயரே வழங்குகின்றது. பத்தாவது குழி கமேலியா, பதின்மூன்றாவது அசேலியா.

ஜோன்ஸ் தொழிலால் வழக்கறிஞர், பணத்துக்காக ஆடாதவர். 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவினதும் பிரித்தானியாவினதும் நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று, இருபத்தெட்டாவது வயதிலேயே போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். அவர் தம் திடலை அமைக்கத் துணையாகத் தேர்ந்துகொண்டவர் அலிஸ்டர் மக்கென்சி என்னும் பிரித்தானியர். இவர் மருத்துவம் பயின்றவர். தென்னாபிரிக்கப் போரிற் பணிபுரிந்தபோது போவர் படையினர் தம் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்திருந்த திறத்தைக் கண்டு வியந்தவர். அவ்வித்தையையே பின்னர்த் திடல் அமைப்பிலும் கையாண்டார். மனிதர் செய்த மேடு இயற்கை செய்த மேடுபோலத் தோன்றுதல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இவ்விருவரையும் இணைத்தது ஸ்கொட்லாந்தின் சென் அன்றூஸ் நகரத்துப் பழந்திடல். கடற்கரை மணற்பாங்கிலே பல நூற்றாண்டுகளாக, எவரும் திட்டமிட்டு வரையாமலே மெல்ல மெல்ல உருவான திடல் அது. ஜோன்ஸ் 1921 இல் முதன்முதலாக அங்கே ஆடியபோது, மூன்றாவது சுற்றின் பதினோராவது குழியில் மனம் வெறுத்துப் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகினார். ஆறாண்டுகளின் பின் அதே திடலிற் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை வென்றார். வெறுப்பு விருப்பாயிற்று. மக்கென்சியோ 1924 இல் அத்திடலை அணுவணுவாக ஆராய்ந்து அதன் படத்தை வரைந்தவர். முதற் பார்வையில் எளிதாகவும் ஒழுங்கற்றதாகவும் தோன்றி, பழகப் பழகப் புதுப்புது நுட்பங்களைக் காட்டும் திடலே உயர்ந்தது என்னும் முடிவுக்கு இருவரும் தனித்தனியே வந்திருந்தனர். ஜோன்ஸ் வெறுத்து விலகிய அந்தப் பதினோராவது குழியின் சாயலிலேயே ஒகஸ்டாவின் நான்காவது குழி அமைக்கப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். ஒரு திடலை எவ்வளவு கடினமானது என்று அளப்பது எளிது. அவ்வளவு எளிதானதாலேயே அது பிழையான அளவுகோலாகும். ஓடைகளையும் மணற்பள்ளங்களையும் வழியெங்கும் நிரப்பிவிட்டால் எத்திடலும் கடினமாகிவிடும். ஜோன்ஸும் மக்கென்சியும் வேறோர் அளவுகோலைக் கொண்டனர். வல்லவருக்கு அது ஒரு வினாவாக இருத்தல் வேண்டும். எளியவருக்கு அது ஒரு தண்டனையாக இருத்தல் ஆகாது. கழகத்தின் சாதாரண உறுப்பினர் மகிழ்ச்சியுடன் ஆடி முடிக்கும் அதே நிலத்தில் உலக வீரர் நெற்றி வியர்வை துடைத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது எவ்வாறு?

அவர்கள் கண்ட முதல் வழி அகலம். ஒகஸ்டாவின் புல்வழிகள் தொடக்கத்தில் மிக அகலமாக இருந்தன. ஓரங்களிலே உயர்ந்த புல் வளர்க்கப்படவில்லை. மணற்பள்ளங்கள் திடல் முழுவதிலும் இருபத்திரண்டே. அக்காலத்துப் பெருந்திடல்கள் பலவற்றில் நூறும் அதற்கு மேலும் இருந்தன என்பதை நோக்க இதன் சிறுமை விளங்கும். எளிய ஆட்டக்காரர் பந்தைத் தொலைக்காமலும், மணலிற் புதைந்து தவிக்காமலும் மேலே செல்லலாம்.

அவ்வாறாயின் வல்லவருக்கு வினா எங்கே? வினா கிறீன்களில் உள்ளது. அவை மட்டமானவை அல்ல. அலைபோல் மேடும் பள்ளமுமாய்ச் சாய்ந்தவை. ஒரு குறித்த நாளிலே குழி கிறீனின் வலமருங்கில் வெட்டப்பட்டிருந்தால், புல்வழியின் இடமருங்கிலிருந்து வரும் பந்தே அதன் அருகில் நிற்கும். மற்றப் பக்கத்திலிருந்து வரும் பந்து சரிவில் உருண்டு விலகிவிடும். ஆகவே அகன்ற வழியில் எங்கு விழுந்தாலும் பந்து பிழைத்துக்கொள்ளும். ஆனால் சரியான பக்கத்தில் விழுந்த பந்துக்கே அடுத்த அடி இலகுவாகும். அகலம் இருப்பதனாலேயே தெரிவு உண்டாகின்றது. தெரிவு இருப்பதனாலேயே சிந்தனை தேவைப்படுகின்றது. ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்கு யோசனை வேண்டியதில்லை. நாற்சந்தியில் நிற்பவருக்கே அது வேண்டும்.

பதினான்காவது குழி இதற்குத் தக்க சான்று. அங்கே ஒரு மணற்பள்ளங்கூட இல்லை. நீரும் இல்லை. ஆயினும் உலக வீரர் பலர் அங்கே தடுமாறுவர். காரணம் அதன் கிறீன். முன்புறத்திலே திடீரென எழுந்து, பின்னர் வலப்புறமாகச் சாய்ந்து செல்லும் அப்பரப்பிலே பந்து எங்கே தரைதொட்டால் எங்கே போய் நிற்கும் என்று கணித்தல் வேண்டும். வெறும் மண்ணின் வளைவே காவலாக நிற்கின்றது.

பன்னிரண்டாவது குழியைப்பற்றி எழுதாதவர் இல்லை. அதன் நீளம் 155 யார் மாத்திரமே. மூன்று அடிகளில் முடிக்கவேண்டியது. முன்னே றேயின் ஓடை என்னும் சிற்றாறு; ஓடைக்கப்பால் அகன்று, ஆனால் ஆழங் குறைந்து கிடக்கும் கிறீன்; முன்புறம் ஒரு மணற்பள்ளம், பின்புறம் இரண்டு. பார்வைக்குப் பூங்காவில் உள்ள ஒரு சிறு பாலமும் நீர்நிலையும் போலத் தோன்றும். இதன் சூழ்ச்சி அந்தக் கிறீன் கிடக்கும் கோணத்தில் உள்ளது. அது ஓடைக்கு நேராக அன்றிச் சாய்வாகக் கிடக்கின்றது. வலது முனை இடது முனையினும் தொலைவானது. வலக்கை ஆட்டக்காரருடைய அடி சிறிது பிழைத்து வலப்புறம் செல்லுமாயின், அப்பந்து பெரும்பாலும் தூரமுங் குறைந்தே விழும். அங்கேயோ அதிக தூரம் வேண்டியிருக்கின்றது. பந்து கரையிற்பட்டு உருண்டு ஓடையில் வீழும். இடப்புறம் இழுத்த அடி தூரம் மிகும். அங்கேயோ குறைந்த தூரமே போதும். பந்து கிறீனைத் தாண்டிப் பின்புறத்து மணலுக்கோ புதருக்கோ போய்ச்சேரும். மனித உடலின் இயல்பான பிழைகளுக்கு நேர் எதிராக நிலத்தைத் திருப்பி வைத்திருக்கின்றார்கள். மரங்களுக்கு மேலே காற்று ஒரு திசையிலும், கீழே கொடிச்சீலை வேறொரு திசையிலும் அசைவதும் உண்டு.

2016 ஆம் ஆண்டிலே ஜோர்டன் ஸ்பீத் என்னும் இளைஞர் இறுதிநாள் ஆட்டத்தின் முதற் பாதி முடிவில் ஐந்து அடிகள் முன்னணியில் நின்றார். பன்னிரண்டாவது குழியில் இருமுறை பந்து நீரில் வீழ்ந்தது. மூன்று அடியில் முடிக்கவேண்டியதை ஏழு அடியில் முடித்தார். வெற்றி டனி வில்லற் என்னும் ஆங்கிலேயருக்குச் சென்றது. 1992 இல் பிரெட் கப்பிள்ஸ் என்பவர் அடித்த பந்தோ அதே கரையிற்பட்டு உருண்டு, நீரைத் தொடுமுன் புல்லிலே தங்கிநின்றது. அவர் அவ்வாண்டு வென்றார். ஒரு சாண் புல் ஒருவரைக் காத்தது, இன்னொருவரைக் கைவிட்டது. நற்பேற்றுக்கும் ஓரளவு இடமளித்தல் நல்ல திடலின் இலக்கணங்களுள் ஒன்று என்பாரும் உளர்.

அதனையடுத்த பதின்மூன்றாவது குழி வேறு வகையானது. இஃது ஐந்து அடிகளில் முடிக்கவேண்டியது. வழி இடப்புறமாக வளைந்து செல்கிறது. வளைவின் உட்புறமாக ஓடையின் கிளையொன்று ஓடி, இறுதியில் கிறீனுக்கு முன்னே குறுக்கிடுகின்றது. ஓடையை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்குத் தூரம் குறையும். இரண்டாவது அடியிலேயே கிறீனை எட்டலாம். அஞ்சியவர் வலப்புறம் விலகி அடித்து மூன்று அடிகளில் எட்டலாம். துணிந்தவருக்கும் ஒரு தடை உண்டு. நிலம் சாய்வாக இருப்பதால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து பாதமட்டத்தினும் உயரத்தில் நிற்கும். அவ்வாறு நிற்கும் பந்து இடப்புறமாக வளைந்து பறக்க முனையும். வழி முழுவதும் ஒரு பேரம் நடைபெறுகிறது. இவ்வளவு இழக்கத் துணிந்தால் இவ்வளவு பெறலாம் என்று நிலம் சொல்கிறது. ஆடுபவர் தம் திறமையை அறிந்து விடையளித்தல் வேண்டும். பதினோராவது குழியின் இறுதியையும், பன்னிரண்டாவதையும், பதின்மூன்றாவதின் தொடக்கத்தையும் சேர்த்து 'ஆமென் மூலை' என்று 1958 இல் ஹேபேட் வொறன் விண்ட் என்னும் எழுத்தாளர் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

துணிவுக்குரிய பரிசு எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு 1935 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று போதும். பதினைந்தாவது குழியும் ஐந்து அடிக் குழி. அதன் கிறீனுக்கு முன்னே நீர் நிற்கின்றது. முன்னின்றவரினும் மூன்று அடிகள் பின்தங்கியிருந்த ஜீன் சரசென் என்பவர் இருநூறு யாருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து நீருக்கு மேலாகப் பந்தைச் செலுத்த, அது கிறீனிலே உருண்டு நேரே குழியில் வீழ்ந்தது. ஐந்து அடிக் குழி இரண்டே அடியில் முடிந்தது. மூன்று அடி வேற்றுமை ஒரே அடியில் மறைந்தது. மறுநாள் நடந்த மேலாட்டத்தில் சரசென் வென்றார்.

இவ்வளவுதூரம் அமைப்பின் சிறப்பைக் கூறினோம். ஆயினும், நேயர்களே, ஒரு திடல் சுவரில் மாட்டிய ஓவியம் அன்று; அது வளர்வது, மாறுவது. மக்கென்சி 1934 ஜனவரியில் காலமானார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நடந்த முதற்போட்டியை அவர் காணவில்லை. நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலமாதலால் அவருக்குப் பேசிய ஊதியமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் வரைந்த திடல் அவர் மறைவின் பின் ஓயாது மாற்றப்பட்டே வந்துள்ளது. முதற்போட்டியின் பின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறின. 1937 இல் பத்தாவது கிறீன் மேட்டுக்கு மாற்றப்பட்டது. 1947 இல் பதினாறாவது குழி ஒரு குளத்தைச் சூழப் புதிதாக அமைக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டுப் போட்டிக்குமுன் கிறீன்களின் புல்லே மாற்றப்பட்டு, பந்து முன்னிலும் மிக விரைவாக உருளும் நுண்ணிய புல் நடப்பட்டது.

பெரிய மாற்றம் ஒரு தனிமனிதரின் வெற்றியை ஒட்டி வந்தது. 1997 இல் டைகர் வூட்ஸ் தமது இருபத்தொராவது வயதில், நான்கு சுற்றுகளை 270 அடிகளில் முடித்து, அடுத்தவரைப் பன்னிரண்டு அடிகளால் வென்றார். அப்பொழுது திடலின் நீளம் 6,925 யார். 1999 இல் வழியோரங்களிலே சற்று உயர்ந்த புல் விடப்பட்டது. 2002 இல் நீளம் 7,270 யாராயிற்று. 2006 இல் 7,445. 2024 இல் 7,555. மரங்கள் நடப்பட்டன, வழிகள் ஒடுங்கின. மணற்பள்ளங்கள் தொடக்கத்தில் இருந்தவற்றினும் இருமடங்காயின. பந்தும் மட்டையும் நவீன உலோகங்களாலும் செயற்கைப் பொருள்களாலும் வலிமை பெற்று, முன்னாளில் எட்டாத தூரத்தை எட்டத் தொடங்கியதே இதற்கெல்லாம் காரணம்.

இம்மாற்றங்களை எவ்வாறு மதிப்பிடுவது? பதின்மூன்றாவது குழியின் தொடக்கத்திட்டு 2023 இல் பின்னோக்கி நகர்த்தப்பட்டு 545 யார் ஆக்கப்பட்டது. வளைவுக்கு மேலாகப் பந்தை எறிந்து ஓடையைப் பொருட்படுத்தாதிருந்த வீரர்கள் மீண்டும் அந்தப் பழைய வினாவுக்கு விடை தேடவேண்டியவராயினர். ஆகவே நீளத்தைக் கூட்டுதல் பல இடங்களில் பழைய கருத்தைக் காப்பாற்றவே செய்தது எனலாம். வழிகளை ஒடுக்கியதைப்பற்றி அவ்வாறு கூற இயலாது. அகலமே தெரிவைத் தந்தது என்று கண்டோம். அகலம் குறைந்த இடத்தில் வினா ஒன்றே, விடையும் ஒன்றே. அங்கே மக்கென்சியின் திடல் பின்வாங்கிவிட்டது என்றே கருத வேண்டும். உறுப்பினர் ஆடும் முன்திட்டுகளிலிருந்து திடலின் நீளம் 6,300 சொச்சம் யாரேயாதலால், எளியவருக்கும் இடமளிக்கும் பழைய நோக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை.

இனி, கண்ணுக்குத் தெரியும் அழகைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்பிரல் மாதத்திலே அசேலியாப் புதர்கள் மலர்ந்து நிற்க, ஓர் உலர்ந்த புல்லும் இன்றி மரகதம்போல் தோன்றும் ஒகஸ்டாவைத் தொலைக்காட்சி உலகெங்கும் கொண்டுசெல்கின்றது. அந்நிறம் இயற்கையின் கொடை மாத்திரம் அன்று. கோடையிலே திடல் மூடப்படுகிறது. இலையுதிர்காலத்தில் குளிருக்கு ஏற்ற புல் மேலாக விதைக்கப்படுகிறது. கிறீன்களுக்கு அடியிலே குழாய்களும் காற்றியந்திரங்களும் பதிக்கப்பட்டு, மழைபெய்தாலும் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. இவை செல்வம் மிக்க கழகம் ஒன்றுக்கே இயலும். ஆனால், அப்படத்தைக் கண்ட ஏனைய ஊர்களின் ஆட்டக்காரர் தம்முடைய திடலும் அவ்வாறே பசுமையாக இருத்தல் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினர். அதன் பயனாகப் பல இடங்களிலே நீரும் உரமும் மருந்தும் அளவின்றிக் கொட்டப்பட்டன, செலவு ஏறிற்று, செலவு ஏறவே கட்டணமும் ஏறிற்று. இந்நோய்க்கு ஒகஸ்டாவின் பெயரையே இட்டு வழங்குகின்றனர் திடல் பேணும் தொழிலாளர். அவர்கள் பின்பற்றியிருக்க வேண்டியது அதன் நிறத்தை அன்று; அதன் அமைப்பை. மணற்பள்ளம் குறைந்த திடல் பேணுவதற்கு மலிவானது என்பதை இருபத்திரண்டு பள்ளங்களோடு தொடங்கியவர்கள் அறிந்திருந்தனர்.

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. இத்திடலில் யார் ஆடலாம்? இது தனியார் கழகம். உறுப்பினரும், அவர் அழைத்துவரும் விருந்தினருமே ஆடலாம். விண்ணப்பித்து உறுப்புரிமை பெற இயலாது. அழைப்பு வருதல் வேண்டும். கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் அங்கே நடைபெறும் மாஸ்டர்ஸ் போட்டியில் முதன்முதலாக ஆடியது 1975 இல். அவர் லீ எல்டர். கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாகக் கழக உறுப்பினரானது 1990 இல். பெண்களோ 2012 வரை உறுப்பினராக ஏற்கப்படவில்லை. அவ்வாண்டிலே முன்னாள் இராசாங்கச் செயலாளர் கொண்டலீசா றைஸ் அவர்களும், டார்லா மோர் என்னும் வணிகத்துறைப் பெண்மணியும் சேர்க்கப்பட்டனர். இத்தனை ஆண்டுகளும் அந்நிலத்தை நன்கறிந்தவர் வேறு சிலர் இருந்தனர். வீரருடைய மட்டைப்பையைச் சுமந்து, எச்சரிவிலே பந்து எவ்வாறு திரும்பும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த கறுப்பினத் தொழிலாளரே அவர்கள். 1982 வரை போட்டிக்கு வரும் வீரர் யாவரும் கழகத்தின் சுமப்பாளரையே அமர்த்துதல் வேண்டும் என்பது விதி. 1983 இல் அவ்விதி தளர, வீரர் தத்தம் ஆட்களை அழைத்துவந்தனர். உள்ளூரார் பலர் அந்த வாரத்து வருவாயையும், பல ஆண்டுகளாய்ச் சேர்த்த அறிவுக்குரிய மதிப்பையும் ஒருங்கே இழந்தனர். திடலை மதிப்பிடுங்கால் இவர்களையும் கணக்கிற் கொள்ளாவிடின் அம்மதிப்பீடு நிறைவுறாது.

ஒகஸ்டாவுக்கு முன்மாதிரியான சென் அன்றூஸ் திடலோ ஊருக்குச் சொந்தமானது. பொதுமக்களும் கட்டணம் செலுத்தி, சீட்டுக்குலுக்கலிற் பெயர் கொடுத்து அங்கே ஆடலாம். பெரும்போட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அத்திடலிலே உலாவுவர். ஒரே கருத்திலிருந்து பிறந்த இரு திடல்கள்: ஒன்றுக்குக் கதவே இல்லை, மற்றொன்றின் வாயிலிலே மக்னோலியா மரங்கள் இருமருங்கும் நிற்க, காவலரும் நிற்கின்றனர். சாதாரண ஆட்டக்காரரின் மகிழ்ச்சிக்காக வரையப்பட்ட ஒரு திடலினுட் சாதாரண ஆட்டக்காரர் நுழைய இயலாதிருப்பது அதன் அமைப்பிலுள்ள குறையன்று. ஆயினும் அதன் அமைப்பு வாக்களித்ததை அதன் வாயில் நிறைவேற்றவில்லை. அண்மைக் காலத்திற் சிறு மாற்றங்கள் தோன்றியுள்ளன. 2019 முதல் பெண்களுக்கான போட்டியொன்றின் இறுதிச்சுற்று அங்கே நடைபெறுகிறது. ஒகஸ்டா நகரத்தின் பொதுத்திடலைப் புதுப்பிக்க உதவுவதாகக் கழகம் 2023 இல் அறிவித்தது. உறுப்புரிமை இல்லாதவர்க்கு அப்பொதுத்திடல் பயன்படுமாயின், ஜோன்ஸும் மக்கென்சியும் எண்ணியது ஓரளவேனும் அங்கே கைகூடும்.

ஆகவே, நேயர்களே, ஒரு திடலைக் காணும்போது அதன் பசுமையையும் நீளத்தையும் மாத்திரம் நோக்காதிருப்போமாக. நிலத்தின் இயல்போடு அது ஒத்துச் செல்கிறதா? ஆடுபவருக்குத் தெரிவு உண்டா? வல்லவரைச் சிந்திக்கவைத்து எளியவரைத் தாங்குகிறதா? நூறாவது முறை ஆடும்போதும் புதிதாக ஏதேனும் சொல்லுமா? அதன் நலத்தை எத்தனைபேர் துய்க்கின்றனர்? இவ்வைந்து வினாக்களுள் முன்னைய நான்கிலும் ஒகஸ்டா, பின்வந்த மாற்றங்களால் ஓரளவு நலிந்தும், உயர்ந்த இடத்தையே பெறுகிறது. ஐந்தாவதில் அவ்வாறு சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு நல்ல அமைப்பின் கருத்தை மதிலெழுப்பித் தடுத்துவைத்தல் இயலாது. அகன்ற வழியும், சிலவே ஆன மணற்பள்ளமும், சிந்தித்து வளைத்த கிறீனும் எந்த ஏழை நகரசபைத் திடலுக்கும் இயல்வனவே. அவற்றுக்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று. நிலத்தையும் மனிதரையும் உற்றுநோக்கும் கண்ணே.